பச்சைக் கதவு

பழைய வெள்ளைக் கார் ஒன்றைப் பட்டறையில் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அதன் இடது கதவு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால், உடைத்துப் போட்ட வேறொரு காரின் பச்சைக் கதவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்தக் காரில் மிஞ்சியது அந்தக் கதவு ஒன்றுதான். 

மறுநாளே ஸ்ப்ரே கன் வந்து நின்றது. “அடிச்சிடலாமா? எல்லாத்தையும் ஒரே வெள்ளையா ஆக்கிடறேன்.”

“பொறு. இவ இன்னும் சரியா மூடலை. முதல்ல பொருந்தட்டும்” என்றது கார்.

மூன்று நாள் கீலைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். நான்காம் நாள் கதவு ‘டப்’பென்று அழகாக மூடிக்கொண்டது. காருக்கு ஒரே சந்தோஷம். கதவு மட்டும் ஸ்ப்ரே கன்னையே பார்த்தது.

“அக்கா, என் பச்சை அவ்வளவுதானா?”

கார் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஸ்ப்ரே கன்னைக் கூப்பிட்டது.

“வெளியே வெள்ளை அடி. கீல் பக்கத்து உள்விளிம்பில மட்டும் டேப்பை ஒட்டிக்கோ. அங்கே பச்சையாவே இருக்கட்டும்.”

“கதவைத் திறந்தா தெரியுமே!”

“தெரியட்டுமே. யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

பெயிண்ட் காய்ந்து, டேப்பை உரித்ததும் பச்சைக் கதவு தானாகவே ஒருமுறை திறந்து மூடிக்கொண்டது. உள்விளிம்பு வரை புது வெள்ளை பூசப்பட்டிருந்த வலது கதவு அதைப் பார்த்து முணுமுணுத்தது.

“என் பழைய வெள்ளையிலும் கொஞ்சம் விட்டு வச்சிருக்கலாம்.”