முப்பதுக்கு மேல் விடமாட்டாள்

அலெக்சாந்திரியாவில் வக்தி புதுத் தொலைக்காட்சியை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துவிட்டு, மகள் ஷஹீராவோடு கால்பந்து பார்க்க உட்கார்ந்தார். பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. ஆம்ப்ளிஃபயரின் குமிழ் தானாகவே இடப்பக்கம் திரும்பி, சத்தம் அடங்கியது.

“ரிமோட் மேல உட்கார்ந்துட்டீங்களா, பாபா?”

ரிமோட் மேசையில் கிடந்தது. பாங்கு முடிந்ததும் சத்தம் திரும்பி வந்தது. முன்பு நாற்பதில் இருந்தது, இப்போது முப்பதில் நின்றது.

“கேபிள் கோளாறு. கழட்டிடறேன்.”

“கழட்டாதம்மா. உங்கம்மா போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு. பாங்கு சொல்றப்ப குறைக்க நான் மறந்துடறேன், அவதான் பாத்திரம் கழுவற கையோட வந்து குறைப்பா. அவ முப்பதுக்கு மேல விடவும் மாட்டா.”

ஷஹீரா சிரித்தபடி கேபிளைப் பிடுங்கக் குனிந்தாள். குமிழில் பாத்திரம் கழுவும் சோப்பு நுரை ஈரமாக ஒட்டியிருந்தது. அவள் கேபிளை விட்டுவிட்டு வந்து, சோபாவில் அப்பாவுக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டு உட்கார்ந்தாள்.