பதினொரு குறிப்பு

வெள்ளிக்கிழமை காலையில ஸ்க்ரீனப் பார்த்ததுமே கிஷனுக்கு சுர்ருன்னு ஏறுச்சு. திருட்டு. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, பதினொரு திருட்டு.

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி. கிஷன் இருக்குற பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஆபீஸ், கிள்ளான்ல ஒரு ஆபீஸ். எந்த லிஃப்ட்ல என்ன கோளாறு, எப்படி சரி பண்ணாங்க, சரி பண்ணி குறிப்ப எழுதுனது யாருன்னு ரெண்டு ஆபீஸும் கம்ப்யூட்டர்ல தனித்தனியா ஒரு விக்கி வச்சிருக்கு. வாரம் ஒருக்கா ரெண்டையும் சிங்க் பண்ணி ஒண்ணாக்குறது கிஷன் வேலை. சில்லறை மாத்தமெல்லாம் தானா ஓடிடும். எழுதுனவர் பேரு மாறியிருந்தா மட்டும் மெஷின் நின்னு கேக்கும்: எந்த வெர்ஷன் சரி?

இன்னிக்கு பதினொரு தடவ கேட்டுச்சு.

போன வாரம் சேர்த்து வச்ச பிரிக்ஃபீல்ட்ஸ் வெர்ஷன்ல எழுதுனவர் சாதிக். கிள்ளான் வெர்ஷன்ல எழுதுனவர் கார்த்திகேசு.

சாதிக் தமிழ்நாட்டுலேர்ந்து வேலை பெர்மிட்ல வந்தவன், ரெண்டு வருஷமா கிள்ளான்ல வேலை. கார்த்திகேசு அங்க சூப்பர்வைசர். டிசம்பர்ல ரிட்டையர். சாதிக்கோட குறிப்புல முன்னாடியே ரெண்டு ரெண்டு வரி திருத்தினவரு, இந்த வாரம் முழுசையும் தன் பேருக்கு மாத்தியிருக்காரு. வீட்டுக்குப் போற வயசுல மனுஷனுக்கு எழுத்தாளர் ஆசை.

வேற நாளா இருந்தா கிஷன் சிரிச்சிட்டு விட்டிருப்பான். ஆனா மூணு மணிக்கு முதலாளியம்மா சீதாலெட்சுமி வராங்க. சாதிக்கோட வேலை எப்படின்னு விக்கியில பார்த்துட்டுத்தான் அவன் பெர்மிட்ட புதுப்பிக்க கையெழுத்துப் போடுவாங்க. போடலன்னா அடுத்த மாசம் அவனுக்கு ஃப்ளைட்டு.

கிள்ளானுக்கு போன் போட்டான்.

"என்ன அங்கிள், திடீர்னு பெரிய எழுத்தாளர் ஆயிட்டீங்க?"

"சாப்பிட்டுட்டு இருக்கேன்லா. விஷயத்த சொல்லு."

"பதினொரு குறிப்பு. சாதிக் எழுதுனது. உங்க பேரு இருக்கு."

"நான்தான் மாத்துனேன். கிள்ளான் வெர்ஷனையே போடு."

"அவன் பெர்மிட் விஷயம் தெரியும்தானே?"

"தெரிஞ்சுதான்டா சொல்றேன்." வச்சிட்டாரு.

கிஷன் முறைச்ச முறைப்புல மேசையில இருந்த கறிபாப் பலகாரமே ஆறிப்போச்சு. சாதிக்குக்கு போன் அடிச்சான். அவன் ஏதோ ஒரு ஃப்ளாட்டுல லிஃப்ட் மேல நின்னுட்டு, அண்ணன் மாத்துனா காரணம் இருக்கும், விடுங்க பாஸ்னுட்டான். இப்படி ஒரு அப்பாவி கிடைச்சா யாருதான் ஏமாத்த மாட்டாங்க?

முதலாளியம்மா வந்ததும் ரெண்டு வெர்ஷனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிடறதுன்னு கிஷன் முடிவு பண்ணிட்டான். மெஷின் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாம அப்படியே விட்டு வச்சான். கார்த்திகேசு மானம் கப்பலேறட்டும்.

மூணு மணிக்கு அவங்க வந்தாங்க. உக்காரக்கூட இல்ல.

"எல்லாத்தையும் படிக்க நேரமில்ல கிஷன். சரி பண்ண ஒரு மாசத்துக்குள்ள மறுபடி நின்னுபோன லிஃப்ட்டுங்கள மட்டும் எடு. அதுல சாதிக் பேரு ரெண்டு மூணு தடவன்னா பரவால்ல. அதுக்கு மேல இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிட்டு கண்ணாடியத் தேடி பையக் கிளற ஆரம்பிச்சாங்க.

கிஷன் அந்தக் கேள்விய விக்கிகிட்ட கேட்டான். மறுபடி நின்னது எதெது? பட்டுன்னு லிஸ்ட்டு வந்துச்சு.

பதினொண்ணு. காலையிலேர்ந்து அவன் முறைச்சிட்டிருந்த அதே பதினொண்ணு.

எல்லாம் சாதிக் சரி பண்ணி மறுபடி நின்னது. கார்த்திகேசு திருத்துன ரெண்டு ரெண்டு வரிக்கு அப்புறம் அதுல ஒரு லிஃப்ட்டும் திரும்ப நிக்கல. சாதிக் பேருலயே அவரு விட்டு வச்சிருந்த மத்த நாப்பது குறிப்புல, ஒண்ணுகூட லிஸ்ட்டுல இல்ல.

கிஷன் மௌஸ எடுத்தான். மெஷின் கேட்ட கேள்விக்கு பதிலா பதினொரு தடவ அமுக்கினான்.

முதலாளியம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டு குனிஞ்சு பார்த்தாங்க. "சாதிக் பேரே காணோமே. எல்லாம் கார்த்திகேசுவா? இவ்வளவு வருஷ ஆளுக்கு என்னலா ஆச்சு?"

"அங்கிளுக்கு வயசாகுதுல்ல மேடம்."

சிரிச்சுகிட்டே பேனாவத் திறந்தவங்க, ஒரு நொடி நிறுத்தினாங்க. "இது எந்த வெர்ஷன்?"

"கிள்ளான் வெர்ஷன், மேடம். அதுதான் சரி."