வளையத்துக்குள் வண்டி

மறுபடியும் நின்றுவிட்டது.

வாளையார் காட்டைச் சுற்றி, போன பாதையிலேயே திரும்பி வந்து சேரும் இடத்தில், ஆணி அடித்தாற்போல நின்றது குட்டி ரயில். மின்சாரப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷார்ட்.

அவர் அதை முறைத்தார்.

போத்தனூரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்த கை அது. அந்தக் கை இன்றைக்கு, மாடி அறையில், கட்டில் அகலப் பலகை ஒன்றின் மேல், ஒரு பொம்மை ரயிலிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிட முடியாது. போத்தனூர் ஸ்டேஷன் அப்படியே பலகையில் இருந்தது. நடைமேடையின் மஞ்சள் கோடு, தண்ணீர்க் குழாய், டீக்கடைக் கூரைமேல் கிடக்கும் ஒற்றைச் செருப்பு வரைக்கும். அந்தக் கோடியில் வாளையார் காடு. தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கி மரங்கள் செய்திருந்தார்.

கீழே மனைவி செண்பகம் பாத்திரங்களை உருட்டினாள். காலையிலிருந்தே அப்படித்தான்.

காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ரேணுகா இன்னைக்குச் சாயந்தர வண்டில நம்மூர் வழியா ஒத்தப்பாலம் போறாளாம். கொழந்தையும் வருதாம். அப்பா ஸ்டேஷன்ல நின்னா எறங்கறேன், இல்லாட்டி அப்படியே போய்க்கறேன்னு சொல்லிப்போட்டா."

 அவர் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு மாடியேறிவிட்டார்.

ஒத்தப்பாலம், அனூப்பின் ஊர். அனூப்பைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற மகளை வாசலோடு நிறுத்தி, இனி இந்தப் படியேறாதே என்றவர் அவர்தான். அவள் ஏறவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். பேத்திக்குப் பல் முளைத்து, நடை வந்து, பேச்சும் வந்துவிட்டது. எல்லாம் போட்டோவில் பார்த்ததுதான். அதுவும் செண்பகம் குளிக்கப் போகும் நேரத்தில், அவள் போனில்.

போனவள்தானே வரவேண்டும்? அவர் எதற்குப் போய் நிற்கவேண்டும்?

ஒயரை மாற்றினார். இணைப்புகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பூட்டினார். ஜன்னலைத் திறந்தார். மூடினார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலக் குனிந்துகொண்டார்.

முன்பெல்லாம் வண்டி காடுவரை போய், அப்படியே பின்னோக்கி வரும். முதுகைக் காட்டிக்கொண்டு வரும். அவருக்கு அது ஆகவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு வரவேண்டும் என்றுதான் இந்த வளையத்தையே போட்டார்.

கடைசியில் இடது தண்டவாளத்தில் விரலை வைத்தார். தூக்காமல் நகர்த்தினார். காட்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே விரல் வந்தது.

வலது தண்டவாளத்தில் இருந்தது.

ஒயரில் கோளாறே இல்லை. பாதை தன்னிடமே திரும்பி வந்தால் இடது வலதாகிவிடும். இரண்டின் மின்சாரமும் முட்டிக்கொள்ளும். இது தெரியாமல் நாள் முழுக்க ஒயரைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறார்.

குட்டி ரம்பத்தை எடுத்தார். வளையத்தின் இரண்டு முனைகளிலும் தண்டவாளத்தை அறுத்து நூல் இடைவெளி விட்டார். வளையத்துக்குத் தனி இணைப்பு கொடுத்தார். மின்சாரத்தைத் திருப்பிவிட ஒரு சுவிட்ச். அதை வளையத்தின் பக்கம் பூட்டினார். திரும்ப வேண்டியது வண்டிதானே.

வண்டி போனது. வளையத்துக்குள் நுழைந்ததும் சுவிட்சைத் தட்டினார்.

வெடுக்கென்று பின்வாங்கியது. வந்த வழியே ஓடி, இடைவெளியில் முட்டி நின்றது. சிவப்பு விளக்கு.

இன்னொரு முறை. அப்போதும் பின்வாங்கியது.

"நான் கெளம்பறனுங்க." கீழிருந்து செண்பகத்தின் குரல். "எறங்காட்டிப் போகுது. ஜன்னல் வழியாவாச்சும் கொழந்தையப் பாத்துட்டு வந்தர்றேன்."

அவர் கை நின்றது.

பயமாக இருந்தது. அதுதான் உண்மை. கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. போய் நின்று, அவள் பார்த்துவிட்டும் இறங்காமல் போனால்?

வண்டியைப் பார்த்தார். தூரத்தில் இருப்பதன் மின்சாரத்தில் கைவைத்தால் அது பின்வாங்கத்தான் செய்யும். வளையத்தை இருந்தபடி விட்டுவிட வேண்டும். மாற வேண்டியது ஸ்டேஷன் பக்கம்.

சுவிட்சைக் கழற்றினார். ஸ்டேஷன் பக்கம் பூட்டினார். 

வண்டி கிளம்பியது. நார் மரங்களுக்குள் மறைந்தது. அது வளையத்தில் இருக்கும்போதே தட்டினார்.

வண்டி தயங்கவேயில்லை. இடைவெளியைத் தாண்டி, முகத்தைக் காட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்குள் வந்தது.

நடைமேடையில் யாரும் இல்லை.

எல்லாம் செய்திருந்தார். ஒரு மனிதரைக்கூட இன்னும் செய்து வைக்கவில்லை.

மின்சாரத்தை அணைக்காமல் படியிறங்கினார். இத்தனை வருடத்தில் அப்படி விட்டுவிட்டு வந்ததில்லை.

செண்பகம் வாசலில் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். ஸ்கூட்டர் சாவியோடு வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"லுங்கியோடயா?"

"எந்தப் பெட்டி?" என்றார் அவர்.

அன்று அவர் வாய்திறந்தது அதுதான் முதல். செண்பகத்துக்குப் பெட்டி எண் மனப்பாடம்.  அதைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் பக்கம் ரயிலின் ஹாரன் கேட்டது.

போத்தனூரில் அந்த வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும்.