எழுத்தே இல்லாத நாலு புக்கு

"அதை வெச்சிடு பிரிசில்லா. குழந்தைக்கு வாங்கற புக்கா இது? ஒரு எழுத்து இல்ல, ஒரு கலர் படம் இல்ல."

"பரவால்ல. நாலும் எனக்கு வேணும்."

ஆம்பூர்ல எங்க டிரஸ்ட் கடை. ஜனங்க தானமா குடுக்கிற பழைய துணி, சாமான், புக்கு எல்லாம் கம்மி விலைக்கு விப்போம். வாசப்படியிலயே புருஷன் பொண்டாட்டி சண்டை. அந்தம்மா அவர் சட்டைக் கையைப் புடிச்ச புடியை விடவே இல்ல. நடுவுல நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு.

"தினம் நான் கதை படிச்சுக் காட்றது பத்தலையா உனக்கு?"

"பத்தல. அவ உங்க மடியிலயே தூங்கிடறா. ஒரு நாளாவது என் மடிக்கு வர வேணாமா?"

நான் நடுவுல பூந்தேன். "அம்மா, அது புக்கே இல்ல. ஏதோ தோல் கம்பெனி சாம்பிள் ஃபைலு. குப்பையில போடத்தான் வாசல்ல வெச்சேன்."

பக்கத்துக்குப் பக்கம் தோல் துண்டு வெச்சுத் தெச்சிருந்தா எங்க ஊர்ல வேற இன்னா நெனைப்போம்?

அந்தம்மா பக்கத்தைத் திருப்பி விரலை ஓட்டினாங்க. அது ஒண்ணும் புதுசு இல்ல. தோல் கையில கெடைச்சா எங்க ஊர்ல எல்லாரும் தடவித்தான் பாப்போம்.

"சாம்பிளா? இது ஆட்டுக்குட்டிங்க. காது மெத்துன்னு கீது பாருங்க. அடுத்தது வேலி, ஷூ லேஸ்ல பண்ணது. குட்டி அதைத் தாண்டி ஓடிப் போச்சு. இது ஏரி, வழுவழுன்னு. கடைசியில முடியோட இருக்கே, இது தாய் ஆடு."

"அப்புறம் இன்னாம்மா ஆச்சு?" பாப்பா அப்பாவை விட்டுட்டு அம்மாகிட்ட ஒட்டிக்கிச்சு. அதுவும் விரலை வெச்சு ஆட்டைத் தடவுச்சு.

எனக்கு வெக்கமா போச்சு. நாலு மாசமா கெடந்துச்சு, ஒரு நாள் முழுசாத் தடவிப் பாக்கல. கண்ணு தெரியாத குழந்தைக்காக யாரோ உக்காந்து தெச்சிருக்காங்க. பாப்பாவைப் பாத்தேன். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"சாரிம்மா. பாப்பாவுக்குன்னு தெரியாம பேசிட்டேன். காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க."

பாப்பா என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"தாத்தா, உங்க சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

எனக்கு நாப்பத்தெட்டுதான் ஆவுது. குனிஞ்சு பாத்தேன். கரெக்டு.

அவங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். அந்தம்மாவும் சிரிச்சிட்டு சொன்னாங்க:

"அவளுக்கு நல்லாவே தெரியும்ணா. எனக்குத்தான் கண்ணு தெரியாது."

நாலு கதையும் நாலு நாள்ல தீந்துடும். இந்த மாதிரி புக்கு தெச்சுக் குடுக்கத் தெரிஞ்சவங்க ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கம் யாராவது இருக்கீங்களா? கீழ ஒரு வார்த்தை எழுதுங்க.