கட் அடிக்கப் போகிறவள்

“உங்க பொண்ணு அடுத்த மாசம் கட் அடிக்கப் போறாம்மா. யார் கட் அடிப்பாங்கன்னு முன்கூட்டியே கணிக்கிற நம்ம ஸ்கூல் மெஷின் சொல்லிருச்சு,” என்றார் ஹெட்மாஸ்டர்.

“ஒருநாள்கூட லீவு போட்டதில்லையே சார்!” என்றாள் செண்பகவல்லி.

“அதாம்மா சந்தேகமே.”

பிளஸ் டூ படிக்கும் நிறைமதி அன்றே தடுப்பு அறைக்கு மாற்றப்பட்டாள். அங்கே நாள் முழுக்க ஒரே பாடம்தான்: பள்ளிக்குத் தவறாமல் வருவது எப்படி? வகுப்பிலோ அவளுக்குத் தினமும் ஆப்சென்ட் விழுந்தது. பத்தொன்பது நாள் ஆனபோது, இன்னும் ஒன்று விழுந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்ற நிலை.

இருபதாம் நாள் ஹெட்மாஸ்டர் உற்சாகமாகப் போன் செய்தார்.

“கையும் களவுமா பிடிச்சிட்டோம்மா! தடுப்பு அறை ஜன்னல் ஏறிக் குதிச்சு ஓடியிருக்கா.”

“ஐயோ, எங்க சார் போனா?”

“கெமிஸ்ட்ரி கிளாஸுக்கு.”

“அப்ப... ஹால் டிக்கெட்?”

“கட் அடிக்கிற பிள்ளைக்கு ஏதும்மா ஹால் டிக்கெட்? மெஷினுக்குத்தான் இந்த வருஷமும் சென்டம்!”