அந்த நொடியின் பதிவு

"பையன் ரொம்ப ஸ்பீடா ஓட்டுவாரா சார்?"

கேட்டுவிட்டு எத்திராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாங்காட்டில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், முகம் நசுங்கிய வெள்ளைக் கார் ஆறு மாதத் தூசியோடு நின்றிருந்தது.

"ஸ்பீடாதான் ஓட்டுவான். ஆனா நல்லா ஓட்டுவான்" என்றார் ரவிச்சந்திரன். அவர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். காருக்கும் அவருக்கும் நடுவே பத்தடி இருக்கும். வந்ததிலிருந்து அந்தப் பத்தடி குறையவே இல்லை.

போனில் அவர் சொன்னது கொஞ்சம்தான். ஒரே மகன் ரோஹித் இந்தக் கார் விபத்தில் போய்விட்டான். நாளைக் காலையில் பழைய வண்டி உடைக்கிறவர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். அதற்குள் ஒரு விஷயம் தெரிய வேண்டும்: லாரியில் மோதிய நொடியில் மிதிபட்டது பிரேக்கா, ஆக்சிலேட்டரா?

கரையான்சாவடியில் பன்னிரண்டு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கும் எத்திராஜிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இன்சூரன்ஸ்காரன் கேக்கறானா சார்?"

"யாரும் கேக்கல. எனக்குத் தெரியணும்."

வளைந்திருந்த பானெட்டை நெம்பித் தூக்கிப் பார்த்த எத்திராஜின் முகம் தெளிந்தது. "அடி மொத்தமும் லெஃப்ட் சைடு வாங்கிக்கீது சார். எஞ்சின் கம்ப்யூட்டர் ரைட்டாண்ட கீறதால தப்பிச்சிக்கிச்சு. உள்ள பதிவு இருந்தா எடுத்துர்லாம்."

கொண்டுவந்த பேட்டரியை இணைத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் கேபிளைச் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'வண்டியுடன் தொடர்பு இல்லை.'

கேபிளைப் பிடுங்கிச் செருகினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். வேறு கேபிள் மாற்றினான். அதே சிவப்பு எழுத்து.

"வராதாப்பா?"

"இருங்க சார், நடுவுல எங்கியோ கட் ஆவுது. ஊட்ல அம்மா இருந்தா கொஞ்சம் தண்ணி..."

ரவிச்சந்திரனே மாடிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பத்தடி தள்ளித் தரையில் வைத்துவிட்டு மறுபடி தூணுக்குப் போய்விட்டார்.

"அவ இங்க இல்ல. திருச்சியில அண்ணன் வீட்டுல இருக்கா. காரியம் முடிஞ்ச அன்னைக்கு கோமளா என்கிட்ட இதே கேள்விதான் கேட்டா. பிரேக்கா, ஆக்சிலேட்டரான்னு. தெரியலன்னேன். மறுநாள் கிளம்பிட்டா." சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். "போன் பண்ணா எடுக்கறதில்ல. இந்த ஃபிளாட்லயும் யாரும் என்கிட்ட பேசறதில்ல. என்ன பேசறதுன்னு அவங்களுக்கும் தெரியாது பாவம்."

எத்திராஜ் குனிந்து கேபிளைப் பார்த்தான். அதன் நுனியில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தான். சாக்கெட்டுக்குக் கரண்டே வரவில்லை.

"அட, இதான் மேட்டரா! சிகரெட் லைட்டருக்கும் இதுக்கும் ஒரே ஃபியூஸ் சார். அது பூட்ச்சு."

புது ஃபியூஸ் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் இன்னும் முரண்டு பிடித்தது. எந்தப் போர்ட்டில் கேபிள் இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. நாலாம் நம்பரை ஏழாக மாற்றினான். திரையில் பட்டை ஓடத் தொடங்கியது. பாதியில் நின்றது. மறுபடி ஓடியது.

"கெட்ச்சிச்சு சார்!"

ரவிச்சந்திரன் தூணை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மோதல் நேரத்தில் பதிவான வரிகளை எத்திராஜ் ஒவ்வொன்றாகப் படித்தான். வேகம் ஐம்பத்தெட்டு. ஆக்சிலேட்டர் தொண்ணூற்றொரு சதவீதம். பிரேக் மிதிக்கப்படவில்லை.

இன்னொரு தரம் படித்தான். பதட்டத்தில் கால் மாறிப் போயிருக்கிறது. பெடல் மாறி மிதித்தவர்களின் வண்டிகளை அவன் எத்தனையோ பார்த்திருக்கிறான்.

நிமிர்ந்து பார்த்தான். ஆறு மாதமாகத் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, இந்தக் காரைத் தினமும் தாண்டிப் போய்வந்த மனிதர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போன பையன் மேல் இனி ஒரு பழியைப் போட்டு யாருக்கு என்ன ஆகப் போகிறது?

எத்திராஜ் லேப்டாப்பை மூடினான்.

"பிரேக்தான் சார். பையன் மேல ஒரு தப்பும் இல்ல. கடைசி வரைக்கும் பிரேக்கத்தான் அழுத்தி மிதிச்சிக்கீறாரு. வண்டிதான் நிக்கல."

"நல்லாப் பாத்தியாப்பா?"

"கம்ப்யூட்டர்லயே கீது சார்."

ரவிச்சந்திரன் தூணை விட்டார். ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் காருக்குப் பக்கத்தில் வந்தார். கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. எத்திராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் போனை எடுத்தார். மனைவியின் எண்ணுக்கு ரிங் போய்க்கொண்டே இருந்து நின்றது. வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தி, போனை வாயருகே கொண்டுபோனார்.

"கோமளா, நான் பிரேக்கத்தான் மிதிச்சிருக்கேன்."