இரண்டு தளபதிகள்

"அவன் நிக்கிற ரூம்ல நான் நிக்க மாட்டேன். எனக்குத் தனியா நேரம் கொடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு அண்ணன் டீயை உறிஞ்சினார்.

டப்பிங் இயக்குநருக்குச் சுருக்கென்றது. அவள் இந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ரோபோ படைகள் மோதிக்கொள்ளும் கார்ட்டூன் தொடர். சிவப்புப் படைத் தளபதிக்கு அண்ணன் குரல், நீலப் படைத் தளபதிக்கு அவருடைய தம்பி குரல். ஏழு வருடமாக இதே ஜோடி. ஆனால் அண்ணன் இருக்கும்போது தம்பி வர மாட்டாராம். அவரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

"சார், இது கடைசி எபிசோடு. ஒரே பட்டறையில செஞ்ச ரெண்டு ரோபோ, இத்தனை நாள் அடிச்சுக்கிட்டு, இப்போ ஆயுதத்தைக் கீழே போட்டுட்டு மனசு விட்டுப் பேசுது. நீங்க ரெண்டு பேரும் எதிரெதிர நின்னு பேசினாத்தான் உயிர் வரும்."

"தகரத்துக்கு எதுக்கும்மா உயிர்?"

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். பதிவு அறைக்குள் போய், "என்னை மன்னிச்சிடுடா" என்ற வசனத்தை ஒரே டேக்கில் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் போனதும், "மைக் முன்னாடி மட்டும் பாசம் பொங்குது" என்றாள்.

ஒலிப்பதிவாளர் தலை நிமிரவில்லை. "அது பழைய சண்டை மேடம். விடுங்க. தம்பி நாளைக்குக் காலையில சீக்கிரமே வந்து பேசிட்டுப் போயிடுவார்."

அப்படியே ஆயிற்று. மறுநாள் அவள் வரும்போது நீலத் தளபதியின் வசனம் தயாராக இருந்தது.

"அழாதேண்ணே. நாம ஒரே இரும்புதானே?"

கேட்டதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆபீஸில் விலாசம் வாங்கிக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

கழுத்தில் துணி சுற்றியிருந்தவர் கதவைத் திறந்தார். தான் யாரென்று சொன்னாள். சிரித்து, நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்காரவில்லை.

"ரோபோவே கை கொடுத்துக்கிச்சு சார். கூடப் பிறந்தவங்க நீங்க இப்படி இருக்கலாமா? அவர் வீம்பு பிடிச்ச மனுஷன், தெரியுது. நீங்களாவது ஒரு படி இறங்கி வரக் கூடாதா?"

அவர் மறுபடியும் நாற்காலியையே காட்டினார்.

"ஒரு வார்த்தை பேசக்கூட மனசில்லையா?"

அவர் மெதுவாகக் கழுத்துத் துணியை அவிழ்த்தார். தொண்டைக்குழியில் சின்னதாக ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு போய் வந்தது.

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் மேஜையிலிருந்த நோட்டை இழுத்து எழுதினார். 'ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம். குரல் போயிடுச்சு. நீலத் தளபதிக்கும் அண்ணன்தான் பேசறார். தொடர் முடியற வரைக்கும் டைட்டில்ல என் பேர் வரணும்னு அவருக்குப் பிடிவாதம்.'

"அப்போ... இந்தச் சண்டை?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எழுதி, நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

'சண்டைன்னு சொல்லலேன்னா, ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லுவீங்களே மேடம்!'